குடவோலைக்குப் பத்து மதிப்பெண்

‘குடவோலை முறையை விவரி.’ தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு படித்த யாரையும் நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் இதற்குப் பதில் வந்துவிடும். ஊரைக் குடும்புகளாகப் பிரித்தார்கள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டார்கள். ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். பெயர் வந்தவர் வாரிய உறுப்பினர் ஆனார். அதன் பிறகு தகுதிகள், தகுதியின்மைகள், வாரியங்களின் பெயர்கள். கடைசியில் இன்றைய மக்களாட்சிக்கு இதுவே முன்னோடி என்று ஒரு வரி. தலைப்புகளுக்கு அடிக்கோடு போட்டு மூன்றரைப் பக்கம் நிரப்பினால் பத்துக்கு ஏழு நிச்சயம்.

பதிலில் பெரிய பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பதில் எங்கிருந்து வந்ததோ, அந்தக் கல்வெட்டு இதைவிடச் சுவாரசியமானது. காஞ்சிபுரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உத்திரமேரூர். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று அவனது 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 919. மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டு, கி.பி. 921. முதல் கல்வெட்டில் உறுப்பினருக்கு வயது 30 முதல் 60 வரை. இரண்டாவதில் அது 35 முதல் 70 வரை என்று மாறிவிட்டது. கணக்குக் காட்டாமல் போனவர்களையும் அவர்களுடைய உறவினர்களையும் விலக்கும் விதிகள் இரண்டாவதில் நீண்டுகொண்டே போகின்றன. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்த வேண்டிய அளவுக்கு அந்த ஊரில் என்ன நடந்தது? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் இருந்தால்தான் பெயர் ஓலையில் ஏறும் என்றால், குடத்துக்கு வெளியே நின்றவர்கள் எத்தனை பேர்? விதி வகுத்த இரண்டு முறையும் சோழ அரசனின் அதிகாரி ஒருவர் சபையில் இருந்தார் என்று கல்வெட்டே சொல்கிறதே, அப்படியானால் இது ஊரின் சுயாட்சியா, அரசனின் ஏற்பாடா? அது ஒரு பிரம்மதேயம், பிராமணர்களின் சபை. பக்கத்து வேளாளர் ஊரில் இதே முறை இருந்ததா?

இந்தக் கேள்விகள் வினாத்தாளில் வருவதில்லை. வந்தால் விடை எழுத மாணவருக்குப் பழக்கமும் இல்லை. கண்டுபிடித்து முடிந்துபோன வரலாற்றை மாணவருக்குக் கொடுப்பதும், கண்டுபிடிக்கும் வேலையை அவர் கண்ணில் காட்டாமல் இருப்பதும்தான் இந்தப் பட்டப்படிப்பின் அடிப்படைக் கோளாறு. ஊரில் இதைப் பற்றிச் சொல்லப்படும் மற்ற குறைகளில் பாதி அநியாயமானவை.

அநியாயமான குறையை முதலில் பார்த்துவிடலாம். ‘ஹிஸ்டரியா? வேற குரூப் எதுவும் கிடைக்கலையா?’ கல்லூரியில் சேர்ந்த முதல் மாதத்தில் உறவினர் வீட்டு விசேஷம் எதற்குப் போனாலும் மாணவர் எதிர்கொள்ளும் கேள்வி இது. அரசுக் கலைக் கல்லூரிக் கலந்தாய்வில் பி.காம். இடங்களும் கணினி அறிவியல் இடங்களும் முதலில் தீரும். வரலாறு பிறகுதான் நிரம்பும். ஆகவே வேறு கிடைக்காதவர்கள் வந்து சேரும் துறை என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால், பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்தவரையும் சேர்த்துக்கொள்ளும் துறை இது. தொழிற்பிரிவு படித்து வந்தவரும் உள்ளே வரலாம். அறிவியல் பிரிவில் தட்டுத் தடுமாறித் தேறியவரும் வரலாம். ஓர் ஆண்டு முழுவதற்கும் ஆகும் கட்டணம், தனியார் பள்ளி எல்.கே.ஜி. கட்டணத்தில் சிறு பகுதிகூட இருக்காது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிப்பவர்கள் இந்த வகுப்புகளில் ஏராளம். காலை ஷிப்ட் முடிந்து ஜவுளிக்கடைக்கும், முகூர்த்த நாள்களில் கேட்டரிங் வேலைக்கும் ஓடுகிறவர்கள் உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயில்தான் பஸ் பாஸுக்கு அப்பாற்பட்ட செலவெல்லாம் நடக்கிறது. 2024இல் ஆண்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. இப்படி ஒரு வாசல் திறந்திருப்பதைத் தரக்குறைவு என்று சொல்பவர்கள், வாசலை மூடி வைத்த உயர் கல்வி எப்படி இருந்தது என்பதை மறந்துவிட்டார்கள்.

தமிழ் வழியில் முழுப் பட்டமும் படிக்கலாம் என்பது அடுத்த பலம். இதில் உணர்ச்சி மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு நேரடி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010இல் சட்டம் வந்தது. பட்டப்படிப்பு மட்டும் தமிழில் இருந்தால் போதாது, பள்ளியிலிருந்தே இருக்க வேண்டும் என்று பின்னர் வந்த திருத்தம் அதைக் கறாராக்கியது. மருத்துவம் தர முடியாத இந்த வசதியைத் தமிழ் வழி வரலாறு தருகிறது. கிராமத்து அரசுப் பள்ளியில் படித்து வந்தவருக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிகிறது. துறையைக் கிண்டலடிப்பவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

பாடத்திட்டத்தின் விரிவையும் பலமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தியா, தமிழ்நாடு, ஐரோப்பா, அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பன்னாட்டு உறவுகள் என்று ஆறு பருவங்களில் உலகத்தையே சுற்றிக் காட்டிவிடுகிறார்கள். அமெரிக்க வரலாறு மன்னார்குடிப் பிள்ளைக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஏன் கூடாது? மெய்ஜி மீட்சியைத் தமிழில் ஒருவர் வகுப்பெடுக்க, அதை இருபது வயதில் உட்கார்ந்து கேட்பது சின்ன விஷயமல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கொலம்பஸில் தொடங்கிய அமெரிக்கா ஒரே பருவத்தில் ஐந்து அலகுகளுக்குள் அண்மைக் கால அதிபர்கள் வரை ஓட வேண்டும். உள்நாட்டுப் போருக்கு இரண்டு வகுப்பு, ரூஸ்வெல்ட்டின் புதிய ஒப்பந்தத்துக்கு ஒன்று. ஓடுகிற ரயிலிலிருந்து ஊர்ப் பெயர்ப் பலகைகளை வாசிக்கிற கதைதான்.

வேகத்தைக் கூட்டுவது வினாத்தாள். பல பல்கலைக்கழகங்களில் வடிவம் ஒன்றே: இரண்டு மதிப்பெண் வினா பத்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து, பத்து மதிப்பெண் வினா மூன்று, ஆக 75. மூன்று மணி நேரத்தில் பதினெட்டு விடைகள். இதில் எதையாவது யோசித்து எழுத உட்கார்ந்தால் மணி அடித்துவிடும். கை ஓட வேண்டும். கை ஓட வேண்டுமானால் விடை முன்கூட்டியே மனத்தில் தயாராக இருக்க வேண்டும். அங்கேதான் கைடு வருகிறது. ஐந்தாண்டு வினாத்தாள்களை வைத்து ‘முக்கியமான’ கேள்விகளுக்கு மட்டும் விடை அச்சடித்த மெல்லிய புத்தகம். அதற்கும் வசதியில்லாவிட்டால் சீனியர் நோட்டின் ஜெராக்ஸ். சில துறைகளில் ஒரே நோட்ஸ் பல தலைமுறை மாணவர்களைக் கடந்து வந்திருக்கும். ஒருவர் பிரதியெடுக்கும்போது விழுந்த எழுத்துப்பிழை அடுத்தடுத்த ஆண்டு விடைத்தாள்களில் அப்படியே வாழ்ந்துகொண்டிருக்கும். சுவடிப் பிரதிகளை ஒப்பிட்டு எந்தப் படி எதிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கும் பாட ஆய்வு முறையைக் கற்பிக்க இதைவிட நல்ல மூலப்பொருள் கிடைக்காது. யாரும் அதைச் செய்வதில்லை என்பது வேறு.

மனப்பாடத்தைக் குறை சொல்வது இப்போது நாகரிகமாகிவிட்டது. ஆண்டுகளும் ஆட்சி வரிசையும் மனத்தில் பதியாமல் வரலாறு பேச முடியாது. பிளாசிப் போர் முதலா, பாளையக்காரர் கிளர்ச்சி முதலா என்று கைப்பேசியைப் பார்த்துச் சொல்பவரோடு காரண காரியம் பேசுவது கடினம். மனப்பாடம் அடித்தளமாக இருக்கட்டும். அதன் மேல் சுவர் எழும்பவே இல்லை என்பதுதான் புகார்.

இந்தப் படிப்பு வேலைக்கு உதவுகிறதா? பி.எட். சேர்த்து முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வும் எழுதினால் சமூக அறிவியல் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். சட்டம் படிக்கப் போகலாம். எல்லோர் கண்ணும் இருப்பது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் தேர்வுகளில். ‘ஹிஸ்டரி எடுத்தா குரூப் எக்ஸாமுக்கு ஈஸி’ என்பது சேர்க்கை நேரத்தில் எல்லாக் கல்லூரி வாசலிலும் கேட்கும் வசனம். தேர்வாணையப் பாடத்திட்டத்தின் ஓர் அலகே தமிழ்நாட்டின் வரலாறு, மரபு, பண்பாடு, சமூக அரசியல் இயக்கங்கள் பற்றியதுதான். ஆகவே வசனம் பொய்யில்லை. ஆனால் பட்டம் முடித்தவர் கோச்சிங் சென்டரில் சேர்ந்ததும் அவரிடம் சொல்லப்படும் முதல் வாக்கியம், ‘ஆறாங்கிளாஸ்ல இருந்து ஸ்கூல் புக் எடுத்து வாங்க’ என்பது. மூன்றாண்டு மேஜர் பாட நோட்டுகள் வீட்டுப் பரணில் ஏற, ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் மறுபடி மேசைக்கு வருகிறது.

இதைக் கிண்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018லும் 2019லும் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் புதிதாக எழுதப்பட்டபோது மேல்நிலை வகுப்பு வரலாற்று நூல்களில் உண்மையான உழைப்பு விழுந்தது. வரைபடங்கள், சான்றுகளின் படங்கள், அண்மைக்கால ஆய்வு முடிவுகள் எல்லாம் அவற்றில் உண்டு. பதினொன்றாம் வகுப்பில் அவற்றைப் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவருக்கு, பழைய நோட்ஸில் கற்பனை கலந்த பழைய வரலாற்றைப் படிக்க நேர்கிறது. மேலே ஏற வேண்டிய படி கீழே இறங்குகிறது.

கண்டுபிடிக்கும் முறையைக் கற்பிக்கவென்றே ஒரு தாள் இல்லாமல் இல்லை. வரலாற்று வரைவியல் என்று பெயர். பெரும்பாலும் கடைசி ஆண்டில் வரும். சான்றுகளை எப்படிச் சோதிப்பது, எழுதியவரின் சார்பை எப்படிக் கண்டுகொள்வது, அடிக்குறிப்பு எப்படி இடுவது என்பதெல்லாம் அதில் அடக்கம். நடைமுறையில் அது பெயர்ப் பட்டியலாகச் சுருங்கிவிட்டது. ஹெரோடோட்டஸ், துசிடிடிஸ், அகஸ்டின், இபின் கல்தூன், ராங்கே, டாயின்பி என்று ஆளுக்கு ஒரு ஐந்து மதிப்பெண். அகத்திறனாய்வுக்கும் புறத்திறனாய்வுக்கும் உள்ள வேறுபாட்டை நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்தியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கிய மாணவர், மூன்றாண்டில் ஒரு கல்வெட்டையோ, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஒரு கடிதத்தையோ, ஒரு பத்திரப் பதிவையோ கையில் வைத்து அந்தத் திறனாய்வைச் செய்து பார்த்திருக்க மாட்டார். வரலாற்றை ஐயத்தோடு பார் என்று கற்பிக்கும் தாளும் ஐயமில்லாமல் ஒப்பிக்கப்படுகிறது.

இத்தனைக்கும் மூலச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. வகுப்பறைக்குள்ளேயே ஒன்று நடக்கிறது. பகுதி ஒன்று தமிழ், எல்லா மாணவர்களுக்கும் உண்டு. முதல் மணி நேரத்தில் தமிழ்ப் பேராசிரியர் புறநானூற்றுப் பாட்டை நடத்திவிட்டுப் போகிறார். அடுத்த மணி நேரத்தில் வரலாற்றுப் பேராசிரியர் வந்து, ‘சங்க காலத்தை அறிய உதவும் சான்றுகள்: ஒன்று, இலக்கியம்’ என்று கரும்பலகையில் எழுதுகிறார். பத்து நிமிடத்துக்கு முன்பு படித்த பாட்டுதான் அந்தச் சான்று என்று இரண்டு பேரில் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால், அதே பாட்டை எடுத்து, இதை எப்போது தொகுத்தார்கள், திணையும் துறையும் பின்னால் யார் வகுத்தது, பாடிய புலவனுக்குப் பரிசில் கொடுத்தவனைப் பற்றிய புகழுரையை எந்த அளவுக்கு நம்பலாம் என்று ஒரு வகுப்பு முழுக்கப் பேசியிருக்கலாம். பாட்டு தமிழ்த் தாளில் ஐந்து மதிப்பெண்ணாகவும், சங்க காலம் வரலாற்றுத் தாளில் பத்து மதிப்பெண்ணாகவும் தனித்தனியே கரையேறுகின்றன.

தமிழில் வரலாறு எழுதியவர்களைப் பார்த்தால் இந்தப் பிளவின் விலை தெரியும். ‘பிற்காலச் சோழர் வரலாறு’ எழுதிய தி.வை. சதாசிவ பண்டாரத்தார் தமிழாசிரியர். களப்பிரர் காலத்தை இருட்டிலிருந்து வெளியே கொண்டுவர முயன்ற மயிலை சீனி. வேங்கடசாமி பள்ளி ஆசிரியர். அழகர்கோயிலை ஆராய்ந்த தொ. பரமசிவனும், அடித்தள மக்கள் வரலாற்றை எழுதிய ஆ. சிவசுப்பிரமணியனும் கல்லூரித் தமிழ்த் துறைக்காரர்கள். வரலாற்றுத் துறை சும்மா இருந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1914இல் இந்திய வரலாறு, தொல்லியல் துறை தொடங்கி எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் அதன் முதல் பேராசிரியரானார். அடுத்து வந்த நீலகண்ட சாஸ்திரி 1930களில் சோழர் வரலாற்றை எழுதினார். மதுரையில் கே. ராஜய்யன் 1800-1801 தென்னிந்தியக் கிளர்ச்சியை ஆவணங்களிலிருந்து தோண்டியெடுத்தார். ஆனால் இந்த உழைப்பில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் நடந்தது. பட்ட வகுப்பின் தமிழ் நோட்ஸுக்கு அதன் முடிவுகள் மட்டும் சாறாக வந்து சேர்ந்தன.

சோழர் அரசு பற்றிய விவாதமே நல்ல சான்று. வலுவான மைய அரசு என்றார் சாஸ்திரி. 1980இல் பர்ட்டன் ஸ்டைன் அதை மறுத்து, நாடுகள் என்ற சிறு வட்டாரங்களே உண்மையான அதிகார மையங்கள், அரசனின் ஆட்சி பெரும்பாலும் சடங்கு சார்ந்தது என்று எழுதினார். நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் கல்வெட்டுகளை ஆயிரக்கணக்கில் எண்ணி, வகைப்படுத்தி, அதிகாரிகளின் பெயர்களை அட்டவணையிட்டு, இரண்டு பேருக்கும் வேறொரு பதில் கொடுத்தார்கள். அவர்களது சோழர் காலப் பெயர் அடைவு 1978இல் மதுரையில்தான் அச்சானது. ஜப்பானியர் ஒருவர் தமிழ்க் கல்வெட்டுகளை எண்ணிக்கொண்டிருந்த கதையே ஒரு வகுப்பைக் கட்டிப்போடும். மாணவர் எழுதுவதோ ‘சோழர் ஆட்சி முறை: மண்டலம், வளநாடு, நாடு, கூற்றம், ஊர்.’ அறிஞர்கள் அரை நூற்றாண்டு அடித்துக்கொண்ட விஷயம் அம்புக்குறி போட்ட படமாக முடிந்துவிடுகிறது.

கீழடிக்குப் பிறகு இந்தக் குறை உடைக்கு வெளியே தெரியும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை 2019 செப்டம்பரில் அறிக்கை வெளியிட்டு, 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் காலம் கி.மு. 580 என்றது. சிவகளையில் ஈமத்தாழி நெல்லுக்கு கி.மு. 1155 என்று தேதி வந்தது. அதே சிவகளையின் இரும்பை கி.மு. நான்காம் ஆயிரமாண்டுவரை கொண்டுபோகும் தேதிகள் 2025 ஜனவரியில் வெளியாயின. நாடே இதைப் பற்றிப் பேசுகிறது. டீக்கடையில் பேசுகிறார்கள், சட்டமன்றத்தில் பேசுகிறார்கள். கரித்துண்டின் வயதை அதனோடு கிடந்த இரும்பின் வயதாக எடுத்துக்கொள்வதற்கு என்ன நிபந்தனை, ஒரு மாதிரிக்கும் பத்து மாதிரிக்கும் என்ன வித்தியாசம், ஒரே ஊரில் நெல்லும் இரும்பும் இத்தனை இடைவெளியில் நிற்பதை எப்படிப் புரிந்துகொள்வது என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் தேவைப்படுகிறார். அந்த ஊரின் வரலாற்றுப் பட்டதாரி அந்த ஆளாக இருந்திருக்க வேண்டும். அவருக்குக் கற்பிக்கப்பட்டது ‘கீழடி: சிறுகுறிப்பு வரைக.’ இரண்டு மதிப்பெண். தேதியைப் பெருமையாகச் சொல்லும் கூட்டத்திலோ, கேலி செய்யும் கூட்டத்திலோ அவரும் ஒருவராக நின்றுவிடுகிறார்.

வேறு இடங்களில் எப்படி? டெல்லிப் பல்கலைக்கழக வரலாற்று ஆனர்ஸ் படிப்பில் ஒவ்வொரு தலைப்புக்கும் குறிப்பிட்ட ஆய்வுக் கட்டுரைகளையும் நூற்பகுதிகளையும் படிக்கச் சொல்லிப் பட்டியல் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் ஏ.கே. ராமானுஜனின் ‘முந்நூறு ராமாயணங்கள்’ கட்டுரை இருந்ததால் 2008இல் ரகளை நடந்தது. 2011 அக்டோபரில் கல்விக் குழு அதை நீக்கியது. நீக்கியது தவறு. ஆனால் அந்தச் சண்டை நமக்கு ஒன்றைச் சொல்கிறது: ஒரு கட்டுரையைப் பாடத்திலிருந்து தூக்க வேண்டுமானால் முதலில் அது பாடத்தில் இருக்க வேண்டும். கைடை நம்பி நடக்கும் படிப்பில் யாரும் தூக்குவதற்கு எதுவும் இல்லை. அதனால்தான் நம் ஊரில் பி.ஏ. வரலாற்றுப் பாடத்திட்டத்துக்காக ஒரு நாற்காலிகூட உடைவதில்லை. அதே நேரத்தில் டெல்லிப் பட்டியலில் பெரும்பகுதி ஆங்கிலம். இந்தி வழி மாணவர்கள் அங்கேயும் மொழிபெயர்ப்பு நோட்ஸைத் தேடி அலைகிறார்கள். பொறாமைப்படுவதற்கு முன்னால் இதையும் பார்க்க வேண்டும்.

தமிழிலேயே நடக்கும் மாதிரி ஒன்று யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. அங்கே 1974இல் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது வரலாற்றுப் பேராசிரியரானவர் கா. இந்திரபாலா. மாணவர்கள் தமிழில் படித்தார்கள். ஆனைக்கோட்டை போன்ற இடங்களில் பல்கலைக்கழகமே அகழாய்வில் இறங்கியது. நான்காண்டுச் சிறப்புப் பட்டம் வாங்க ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். போரும் நூலக எரிப்பும் இடம்பெயர்வும் அந்தத் துறையைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல என்பதால் அதைச் சொர்க்கமாக்கிக் காட்டுவதற்கில்லை. இந்திரபாலா செய்த இன்னொரு காரியம்தான் இங்கே முக்கியம். இலங்கையில் தமிழர் குடியேற்றம் பற்றி 1965இல் லண்டனில் முனைவர் பட்ட ஆய்வு சமர்ப்பித்த அவர், நாற்பது ஆண்டு கழித்து 2005இல் வெளியிட்ட நூலில் தம் பழைய முடிவுகளைத் தாமே திருத்தினார். புதிய தொல்லியல் சான்றுகள் வந்துவிட்டன. பழைய கருத்தில் நிற்க முடியாது என்பதே காரணம். வரலாற்று வரைவியல் தாளில் ராங்கேக்குப் பதிலாக இந்த ஒருவரை எடுத்துக்கொண்டு அந்த ஆய்வேட்டையும் நூலையும் அருகருகே வைத்துப் பாடம் நடத்தினால், சான்று என்றால் என்ன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

நம் கல்லூரிகளிலும் ஆய்வுக் கட்டுரை இல்லாமலில்லை. தன்னாட்சிக் கல்லூரிகள் சிலவற்றில் ஆறாம் பருவத்தில் புராஜெக்ட் உண்டு. நான்கைந்து பேர் சேர்ந்து ஒன்று செய்தால் போதும். தலைப்பு ‘எங்கள் வட்டாரத்துக் கோயில்’ என்று இருக்கும், முதல் இயல் மாவட்டத்தின் அமைவிடமும் மழை அளவும், இரண்டாம் இயல் தல புராணம், மூன்றாவதில் திருவிழா, கடைசியில் கைப்பேசியில் எடுத்த படங்கள். கோயில் சுவரில் கல்வெட்டு இருந்தால் அதன் படமும் இருக்கும், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது இருக்காது. கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடைக்காரர் நீல ரெக்சின் அட்டையில் தங்க எழுத்துப் பதித்துக் கொடுத்துவிடுவார். கல்விச் சுற்றுலாவின் கதியும் இதுதான். மாமல்லபுரம் ஐந்து ரதத்தில் ஒரு மணி நேரம், குரூப் போட்டோ, மதியம் கடற்கரை. சென்னை எழும்பூரில் 1909இலிருந்து ஆவணக் காப்பகம் நிற்கிறது; 1670களிலிருந்து தொடங்கும் கம்பெனிப் பதிவேடுகள் அதில் இருக்கின்றன. தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். தஞ்சையில் சரசுவதி மகால். சுற்றுலா பஸ் இவற்றின் முன்னால் நிற்பது அபூர்வம்.

பாடத்திட்டத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை நிலவுகிறது. மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் கொண்டுவந்தது. சுற்றுலா, இதழியல், தொல்லியல் என்று புதுத் தாள்கள் நுழைந்தன. நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சும் கணினியும் சேர்ந்தன. தலைப்புகள் புதுசாகின்றன, வினாத்தாள் பழசாகவே இருக்கிறது. ‘தொல்லியலின் வகைகளை விவரி’ என்று கேட்டால் தொல்லியலும் கைடுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாற்றத்துக்கு இடம் இருப்பது வினாத்தாளின் அந்த 75 மதிப்பெண்ணில் அல்ல, மீதி 25இல். இன்டர்னல் என்று சொல்லப்படும் அந்த மதிப்பெண்ணைப் போடுவது கல்லூரியே. அகமதிப்பீட்டுத் தேர்வு இரண்டு, அசைன்மென்ட் ஒன்று, வருகைப் பதிவு என்று இப்போது பிரித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அசைன்மென்ட் என்பது நோட்ஸில் இருப்பதையே ஏ4 தாளில் பார்டர் போட்டு எழுதுவது. அந்த இடத்தில் ஒரே ஒரு சான்றை வைத்து நான்கு பக்கம் எழுதச் சொல்வதற்கு எந்தப் பாடத்திட்டக் குழுவின் அனுமதியும் வேண்டாம். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் 1890இலிருந்து அச்சில் வருகின்றன, இணையத்திலும் கிடைக்கின்றன. அது கடினமென்றால் தாத்தாவின் நிலப் பத்திரம், ஊர்ப் பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேடு, பாட்டியிடம் எடுத்த நேர்காணல். இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்ற மூன்று கேள்விக்கு ஒரு பருவம் முழுக்கப் பதில் தேடலாம். தமிழ் வழி மாணவருக்கு இதில் கூடுதல் வசதி: சான்று அவர் மொழியில் இருக்கிறது, பெரும்பாலும் அவர் ஊரிலேயே இருக்கிறது.

அப்படி எழுதிய நான்கு பக்கத்தை யார் வாசிப்பது என்பதில்தான் திட்டம் வந்து முட்டுகிறது. ஒரு வகுப்பில் அறுபது பேர் என்றால் இருநூற்று நாற்பது பக்கம். ஓர் ஆசிரியருக்கு அப்படி மூன்று வகுப்பு. ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பிக் கொடுத்து, திருத்தி எழுத வைத்து, மறுபடி வாசித்தால்தான் அது பயிற்சி. இல்லாவிட்டால் அதுவும் பார்டர் போட்ட ஏ4 ஆகிவிடும். அரசுக் கல்லூரிகளில் இந்த வேலையைச் செய்ய வேண்டியவர்களில் பெரும்பங்கினர் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்களில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் பலர். எழும்பூரில் மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டுகளைப் புரட்டியவர்களும் உண்டு. கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் தருவது மாதம் 25,000, அதுவும் ஆண்டுக்குப் பதினொரு மாதம். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. விடைத்தாள் திருத்தப் போனால் தாளுக்கு இவ்வளவு என்று தனியாகப் படி உண்டு. மாணவர் எழுதிய நான்கு பக்கத்தை வாசிப்பதற்கு எந்தத் தலைப்பிலும் படி இல்லை.